ஓய்வூதியம் பெறுவோர் மீண்டும் ஊழியம் செய்யலாமா?



அரசு ஊழியத்தில் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டில் வந்தமர்ந்த சில நாட்களிலேயே ஊரார் அவரைத் தேடி வரத் தொடங்குவார்கள். தோல் மண்டி வைத்திருப்பவர், "காலையில் இரண்டு மணி நேரம் வந்து கணக்கை மட்டும் பார்த்துக் கொடுங்கள் பாய்" என்பார். பள்ளிக்கூடம் நடத்துவோர், பிற்பகலில் ஆங்கிலப் பாடம் நடத்த ஆளில்லை என்று வந்து நிற்பார்கள். அவருக்கும் உள்ளூர விருப்பந்தான். உடம்பில் தெம்பு இருக்கிறது; இளைய மகளின் நிக்காஹ் இன்னும் நடந்தாகவில்லை; வீட்டுக் கடனில் சில வருடத் தவணை பாக்கி நிற்கிறது. ஆயினும் சரியென்று சொல்ல நா எழவில்லை. "வேலைக்குப் போவது தெரிந்தால் பென்ஷனை நிறுத்திவிடுவார்களாமே, அத்தா?" என்று மகன் கேட்கிறான். அவரும் அப்படித்தான் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார்.

இந்த அச்சத்தில் கொஞ்சம் உண்மையும் நிறையப் பொய்யும் கலந்திருக்கின்றன. பொய்யை நம்பியவர், தம் குடும்பத்திற்கு நியாயமாகக் கிடைக்கக்கூடிய வருமானத்தை வேண்டாமென்று தள்ளிவிடுகிறார். உண்மையை அறியாதவரோ, துணிந்து ஒரு வேலையில் சேர்ந்து, நான்கைந்து ஆண்டுகள் கழித்து, 'தங்களுக்குக் கூடுதலாக வழங்கப்பட்ட தொகையைத் திருப்பிச் செலுத்துக' என்ற கடிதத்தைக் கையில் வாங்குகிறார். இவ்விரண்டு நஷ்டமும் நம் இல்லங்களுக்கு வேண்டியதில்லை. ஆகவே இம்மாதம் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். ஓய்வூதியம் என்பது வீட்டில் சும்மா இருப்பதற்காக அரசு தரும் கூலியன்று. ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்காகத் தள்ளிவைத்துத் தரப்படும் ஊதியம் அது. 1971-ஆம் ஆண்டில் தேவகி நந்தன் பிரசாத் வழக்கில், ஓய்வூதியம் அரசின் மனம்போல் தரப்படும் சன்மானமன்று, அது ஊழியரின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1982-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், நகாரா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு இக்கருத்தை மேலும் விரித்துத் தீர்ப்பளித்தது. அந்த நாளையே ஓய்வூதியர் தினமாக இன்றும் கொண்டாடி வருகிறார்கள். ஆக, ஓய்வுக்குப் பின் ஒருவர் வேலை செய்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக அவருடைய ஓய்வூதியம் பறிபோய்விடாது.

அப்படியாயின் விதிகள் எதற்கு என்று கேட்பீர்கள். அரசுக்கு இரண்டு கவலைகள் உண்டு. நேற்றுவரை கோப்புகளில் கையெழுத்திட்ட மேலதிகாரி, இன்று அந்தக் கோப்பினால் பயனடைந்த நிறுவனத்திலேயே போய் அமர்ந்துகொண்டால், அவர் நேற்று இட்ட கையெழுத்து யாருக்காக என்ற கேள்வி எழும். இது முதல் கவலை. ஒரே அரசுப் பெட்டியிலிருந்து ஒரே ஆள் முழு ஓய்வூதியமும் முழுச் சம்பளமும் வாங்குவது முறையா என்பது இரண்டாவது கவலை. விதிகள் எத்தனை பக்கம் நீண்டாலும் அவற்றின் வேர் இவ்விரண்டில்தான் இருக்கிறது. எனவே ஒரு வேலை வந்தால் இரண்டே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் எழுந்துவந்த நாற்காலி எது? புதிய சம்பளம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது?

இங்கே நான் சொல்லப்போவது மத்திய அரசின் குடிமைப் பணி ஓய்வூதியர்களுக்கான விதிகளை. 1972-ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளுக்குப் பதிலாக 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் புதிய விதிகள் வந்துள்ளன. நாம் பேசும் விஷயத்தில் பழையவற்றின் சாரம் அப்படியே தொடர்கிறது. இரயில்வேக்கும் இராணுவத்திற்கும் தனி விதிகள் உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1978-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் பொருந்தும். 2004 ஜனவரி முதல் நாளிலிருந்து மத்தியப் பணியில் சேர்ந்தவர்கள் (படையினர் நீங்கலாக) வேறு திட்டத்தின்கீழ் வருவதால் அவர்களின் கணக்கும் வேறு.

தனியார் வேலையை முதலில் எடுத்துக்கொள்வோம். எழுத்தர், தபால்காரர், கணக்கர், கண்காணிப்பாளர் போன்ற பி, சி பிரிவுப் பதவிகளிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், தனியாரிடம் வேலை செய்ய எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முழுநேரமாயினும் சரி, அரைநாளாயினும் சரி. கடையாயினும் சரி, தொழிற்சாலையாயினும் சரி. ஓய்வூதியம் ஒரு காசும் குறையாது. நம் வீடுகளில் ஓய்வு பெற்றவர்களில் பெரும்பாலோர் இந்தப் பிரிவினரே. தேவையில்லாமல் அஞ்சி ஒதுங்கியிருப்பவர்களும் பெரும்பாலும் இவர்களே!

ஏ பிரிவு அதிகாரிகளுக்கு மட்டுந்தான் கட்டுப்பாடு. ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஓராண்டு முடியும்வரை (முன்பு இது இரண்டாண்டாக இருந்தது) வணிக நிறுவனங்களில் வேலை ஏற்பதற்கு அவர்கள் அரசின் முன் அனுமதியைப் பெற வேண்டும். இங்கே 'பகுதிநேரந்தானே' என்ற சமாதானம் செல்லாது. எந்த நிலையில் வேலை ஏற்றாலும், முகவராக இருந்தாலும், கம்பெனியின் இயக்குநராக அமர்ந்தாலும், கூட்டு வியாபாரத்தில் பங்காளியாகச் சேர்ந்தாலும் அது வணிக வேலைதான் என்று விதி விளக்கம் தருகிறது. ஆலோசகர் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வதும் சில சமயம் இதில் அடங்கும். தமக்குத் தொழிற்படிப்பு எதுவும் இல்லாமல், அலுவலகத்தில் கிடைத்த அறிவை மட்டும் மூலதனமாக வைத்து ஆலோசனை சொல்வதும், அரசு அலுவலகங்களுக்கு நடந்து காரியம் முடித்துத் தருவதும் அனுமதிக்கு உட்பட்டவை. மருத்துவர் தம் ஊரில் மருத்துவமனை திறந்து நோயாளிகளைப் பார்ப்பது இந்த வகையைச் சேராது.

அனுமதியின்றிச் சேர்ந்தால் என்ன ஆகும்? அவருடைய ஓய்வூதியம் முழுவதையுமோ ஒரு பகுதியையோ குறிப்பிட்ட காலத்திற்கு நிறுத்திவைக்க அரசு ஆணையிடலாம். ஆனால் அதற்கு முன் அவரிடம் விளக்கம் கேட்டாக வேண்டும். ஆணையில் காரணங்களையும் எழுதியாக வேண்டும். ஊரில் உலவும் 'பென்ஷனை நிறுத்திவிடுவார்கள்' என்ற பேச்சு இந்த ஒரு விதியிலிருந்து கிளம்பியதே. மேலதிகாரிக்குச் சொன்னது கைமாறிக் கைமாறி, கடைநிலை ஊழியர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

நாற்காலி உயர உயரக் கட்டுப்பாடும் இறுகும் என்பதற்கு நம் அரசியல் சாசனமே சாட்சி. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பதவியிலிருந்து இறங்கியவர் அதன்பின் மத்திய அரசிலோ மாநில அரசிலோ எந்தப் பதவியும் வகிக்க இயலாது. உச்ச நீதிமன்ற நீதிபதியாயிருந்தவர் இந்நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் வழக்காட முடியாது. இவற்றோடு ஒப்பிட்டால், அதிகாரி ஒருவர் ஓராண்டு பொறுத்திருப்பது பெரிய சுமையாகாது என்பதே என் கருத்து. அந்தக் காலத்தை இன்னும் நீட்டினாலும் தவறில்லை என்பேன்.

இனி இரண்டாவது கேள்வி, சம்பளம் வரும் பெட்டி. தாம் பணியாற்றிய இலாகாவே, அல்லது வேறோர் அரசு அலுவலகம், ஓய்வு பெற்றவரை ஒப்பந்த அடிப்படையில் திரும்ப அழைப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. காலியிடங்கள் நிரம்பவில்லை, வேலை தெரிந்த ஆள் வேண்டும், ஆகவே பழைய ஆளையே கூப்பிடுகிறார்கள். 2024-ஆம் ஆண்டில் இரயில்வே நிர்வாகமும் 65 வயதுக்குட்பட்ட ஓய்வூதியர்களை இவ்வாறு திரும்ப அமர்த்திக்கொள்ள வழிசெய்தது. இத்தகைய ஒப்பந்தங்களில் ஊதியத்தை எப்படிக் கணக்கிடுவது என்று மத்திய நிதியமைச்சகம் 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்துள்ளது. இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஏனெனில் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது.

கணக்கு இதுதான்: ஓய்வு பெறும்போது வாங்கிய அடிப்படை ஊதியத்திலிருந்து அடிப்படை ஓய்வூதியத்தைக் கழித்தால் வருவதே மாதத் தொகை. உதாரணமாக ஒருவரின் கடைசி அடிப்படை ஊதியம் 70,000 ரூபாய், அடிப்படை ஓய்வூதியம் 35,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்த ஊதியம் 35,000 ரூபாய். ஒப்பந்தம் முடியும்வரை அது மாறாது. ஆண்டு உயர்வு கிடையாது. அதன்மேல் அகவிலைப்படி கிடையாது. பொதுவாக வீட்டு வாடகைப்படியும் கிடையாது. அலுவலகம் வந்து போவதற்கு மட்டும், முன்பு வாங்கிய அளவுக்கு மேற்படாமல் ஒரு போக்குவரத்துப்படி உண்டு. முடித்த ஒவ்வொரு மாதத்திற்கும் ஒன்றரை நாள் விடுப்பு உண்டு. முதலில் ஓராண்டுக்கு மிகாமல் அமர்த்துவார்கள். பின்பு தேவையைப் பொறுத்து நீட்டலாம். எப்படியும் ஓய்வு வயதைக் கடந்து ஐந்தாண்டுக்கு மேல் செல்லக் கூடாது.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஓய்வு பெறும்போது ஓய்வூதியத்தில் 40 விழுக்காடுவரை தொகுத்து, மொத்தப் பணமாக வாங்கிக்கொள்ள விதி இடமளிக்கிறது; பலரும் அவ்வாறு வாங்கி மகள் திருமணத்துக்கோ வீடு கட்டவோ செலவழித்துவிடுகிறார்கள். மேற்சொன்ன உதாரணத்தில் 14,000 ரூபாயைத் தொகுத்து வாங்கியவருக்கு மாதந்தோறும் கைக்கு வருவது, அகவிலை நிவாரணம் நீங்கலாக, 21,000 ரூபாய்தான். அவர் என்ன எண்ணுகிறார்? 'எனக்கு வருவது 21,000. ஆகவே எழுபதில் இருபத்தொன்று போக 49,000 ரூபாய் தருவார்கள்' என்று மனக்கணக்குப் போடுகிறார். இல்லை. தொகுத்து வாங்கிய பகுதியையும் சேர்த்தே கழிப்பார்கள் என்று ஆணை தெளிவாகச் சொல்கிறது. கிடைக்கப்போவது 35,000 ரூபாய்தான். பதினான்காயிரம் வித்தியாசம்! இதை நம்பித் தவணைக் கடன் வாங்கியவர் முதல் மாதமே திகைத்து நிற்பார்.

மேலும், பணியிலிருந்தபோது அடிப்படை ஊதியத்தின்மேல் அகவிலைப்படியும் வாடகைப்படியும் சேர்த்து வாங்கிப் பழகிய கை இது. அதே மேசை, அதே கோப்புகள், அதே எட்டு மணி நேரம். கைக்கு வருவதோ முன்பு வாங்கிய மொத்தத்தில் ஒரு சிறு பங்கு. சிலர் இதைப் பொருட்படுத்தாமல், வீட்டில் முடங்கிக் கிடப்பதைவிட மேல் என்று மகிழ்ச்சியோடு போகிறார்கள். அது அவரவர் விருப்பம். ஆனால் 'அரசு அழைக்கிறது' என்ற பெருமையில் கணக்குப் பாராமல் கையெழுத்திடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அந்த மேசையில் அமர வேண்டிய இளைஞன் ஒருவன் தேர்வு எழுதிவிட்டு நம் தெருவிலேயே காத்திருக்கிறான் என்பதும் நெஞ்சை உறுத்தத்தான் செய்கிறது. ஓய்வூதியரைக் குறைந்த தொகைக்கு அமர்த்திக்கொண்டு, நிரந்தர நியமனத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதற்கு இந்த முறை எளிதாக வழிவிடுகிறது. குற்றம் அழைப்பை ஏற்கும் முதியவருடையதன்று, அழைப்பவர்களுடையது.

தனியாரும் இதில் பின்தங்கியவர்களல்லர். "உங்களுக்குத்தான் பென்ஷன் வருகிறதே, இது போதாதா?" என்று சொல்லி, இருபதாயிரம் தர வேண்டிய வேலைக்கு எட்டாயிரம் பேசுகிறவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். உங்கள் ஓய்வூதியம் உங்கள் பழைய உழைப்பின் பலன். புதிய முதலாளி அதைத் தம் கல்லாவில் வரவு வைத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. வேலைக்கு என்ன கூலி தகுமோ அதைக் கேளுங்கள்.

ஒப்பந்தம் வேறு, மறுநியமனம் வேறு என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். ஊதிய விகிதம் உள்ள ஒரு பதவியில் முறையாக மீண்டும் அமர்த்தப்படுவதே மறுநியமனம். இதற்கு 1986-ஆம் ஆண்டு ஆணைகள் உள்ளன. 55 வயதிற்குப் பின் ஓய்வு பெற்றவரானால், புதிய ஊதியமும் ஓய்வூதியமும் சேர்ந்து கடைசியாக வாங்கிய ஊதியத்தை மிஞ்சலாகாது. இந்தப் பணிக்காலத்துக்கெனத் தனியாக இன்னோர் ஓய்வூதியமோ பணிக்கொடையோ கிடைக்காது.

முன்னாள் படைவீரர்களின் நிலை இதனினும் நல்லது. இளம் வயதிலேயே படையிலிருந்து வெளிவந்து, வங்கியிலோ தபால் இலாகாவிலோ மீண்டும் சேர்கிறவர்கள் நம் வட ஆர்க்காட்டுப் பக்கத்தில் ஏராளம். அதிகாரி நிலைக்குக் கீழ்ப்பட்டவர் 55 வயதுக்கு முன் ஓய்வு பெற்றிருந்தால், புதிய ஊதியத்தை நிர்ணயிக்கும்போது அவருடைய படை ஓய்வூதியம் முழுவதும் கணக்கிலேயே எடுக்கப்படாது. அதிகாரியாயிருந்தவருக்கு முதல் 15,000 ரூபாய் மட்டும் விட்டுவிடப்படும்.

ஓய்வூதியத்தின்மேல் வரும் அகவிலை நிவாரணத்தைப் பற்றித்தான் ஒரு காலத்தில் பெரிய வழக்கே நடந்தது. மறுநியமனம் பெற்றவருக்குப் புதிய சம்பளத்தில் அகவிலைப்படி கிடைக்கிறதே, ஓய்வூதியத்தின்மேலும் எதற்கு என்று அரசு அதை நிறுத்திவைத்திருந்தது. முன்னாள் படைவீரர்களும், வேலைக்குப் போய்வந்த விதவைப் பெண்களும் நீதிமன்றம் சென்றார்கள். 1994-ஆம் ஆண்டு டிசம்பரில் வாசுதேவன் பிள்ளை வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. பிறகு ஐந்தாவது ஊதியக் குழுவின் பரிந்துரைக்குப் பின் அரசே இறங்கிவந்தது. 1997-ஆம் ஆண்டு ஜூலை 18 முதல், வேலையிலிருக்கும் குடும்ப ஓய்வூதியர்களுக்கும், ஊதிய நிர்ணயத்தில் ஓய்வூதியம் முழுவதும் விட்டுவிடப்பட்ட மறுநியமனக்காரர்களுக்கும் அகவிலை நிவாரணம் வழங்கப்படுகிறது. மற்ற மறுநியமனக்காரர்களுக்கு இல்லை. ஒப்பந்த ஆலோசகர்களைப் பொறுத்தவரை, 'இது மறுநியமனமாகக் கருதப்படாது; ஓய்வூதியமும் அதன்மேல் அகவிலை நிவாரணமும் தொடரும்' என்று நியமன ஆணையிலேயே எழுதுவது வழக்கம். அந்த வாசகம் உங்கள் ஆணையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் எழுதித் தரும்படி கேளுங்கள்.

இந்த நிவாரணத்தை இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திருப்பிச் செலுத்தச் சொல்லும் கடிதங்கள் பெரும்பாலும் இதையொட்டியே வருகின்றன. மறுநியமனம் பெற்றவர் அதை வங்கிக்குத் தெரிவிப்பதில்லை. வங்கி வழக்கம்போல் அகவிலை நிவாரணத்தைச் சேர்த்துப் போட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு நாள் தணிக்கையில் அகப்படுகிறது. ஆண்டுதோறும் நவம்பரில் வாழ்வுச் சான்று கொடுக்கிறோமல்லவா, அதனோடு வேலையில் இருக்கிறேன் அல்லது இல்லை என்ற உறுதிமொழியும் சேர்ந்திருக்கிறது. வங்கியில் கூட்டம் நெரிகிறது, கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டோம், பக்கத்திலிருப்பவர் காட்டிய இடத்தில் கையெழுத்திடுகிறோம். அரசு மறுநியமனத்திலிருப்பவர் 'வேலையில் இல்லை' என்ற வரியின்கீழ் கையெழுத்திட்டுவிட்டால் அது பொய் உறுதிமொழி ஆகிவிடும். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் அந்தத் தாளை வாசித்துக்காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

"ஓய்வு பெற்றவர்களிடம் திரும்ப வசூலிக்கக் கூடாது என்று தீர்ப்பு இருக்கிறதே!" என்று விவரமறிந்த வாசகர் கேட்கலாம். இருக்கிறது. 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் ரஃபீக் மஸீஹ் வழக்கில், அலுவலகத்தின் தவறால் கூடுதலாகத் தரப்பட்ட பணத்தை ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும் கீழ்நிலை ஊழியர்களிடமிருந்தும் பிடிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. எத்தனையோ குடும்பங்களைக் காத்த தீர்ப்பு அது. ஆனால் 2016-இல் ஜகதேவ் சிங் வழக்கில், கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவர் அந்தப் பாதுகாப்பைக் கோர முடியாது என்றும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஓய்வூதியக் கணக்குத் தொடங்கும்போது வங்கிக்கு நாம் கொடுக்கும் தாள்களில் அப்படியொரு உறுதிமொழி இருக்கும். இருக்கும் உண்மையை மறைத்து வாங்கிய பணத்துக்கு முதல் தீர்ப்பும் துணை நிற்காது. மறுநியமன ஆணை கைக்கு வந்தவுடன் அதன் நகலை வங்கிக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரையிட்ட ஒரு தாளை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கணவரை இழந்து குடும்ப ஓய்வூதியம் பெறும் பெண்களில் பலர், வேலைக்குப் போனால் அது நின்றுவிடும் என்று எண்ணித் தையல் வகுப்புக்கோ பள்ளிக்கூட வேலைக்கோ போகாமல் இருக்கிறார்கள். இந்தக் குழப்பத்துக்கு அந்த நவம்பர் மாதத் தாளும் ஒரு காரணம். அதில் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற வரியும், வேலையில் இல்லை என்ற வரியும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டும் ஒரே தண்டனைக்குரியவை போலத் தோன்றும். அப்படியன்று. விதவைக்குரிய குடும்ப ஓய்வூதியம், அவர் சம்பாதிக்கிறார் என்பதற்காக நிற்காது. அரசு வேலையாயினும் தனியார் வேலையாயினும் நிற்காது. 1997-க்குப் பின் அகவிலை நிவாரணமும் நிற்காது. இளம் பிள்ளைகளோடு நிற்கும் ஒரு தாய்க்கு இதைவிடப் பயனுள்ள செய்தி இல்லை என்பதால்தான் தனியே எடுத்துச் சொல்கிறேன். அக்கம்பக்கத்தில் அப்படி யாரேனும் இருந்தால் இந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஆனால் பெற்றோரின் ஓய்வூதியத்தைப் பெறும் பிள்ளைகளுக்கு இந்தச் சலுகை இல்லை. தாயும் தந்தையும் காலமானபின் விதவை மகளோ மணவிலக்குப் பெற்ற மகளோ குடும்ப ஓய்வூதியம் பெறுவாரானால், அவருடைய சொந்த வருமானம் மாதம் 9,000 ரூபாயும் அதன்மேல் அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகையை எட்டினால் ஓய்வூதியம் நின்றுவிடும். ஆகவே இவர்கள் வேலை ஏற்கும் முன் சம்பளத்தை இந்த வரம்போடு ஒத்துப்பார்த்துக்கொள்ள வேண்டும். வரம்பை ஒட்டிய சிறு சம்பளத்துக்காக நிலையான ஓய்வூதியத்தை இழப்பது விவேகமாகாது. நல்ல சம்பளம் கிடைத்தால் தாராளமாக ஏற்கலாம்.

வருமான வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓய்வூதியத்துக்கு வரி பிடிக்கும் வங்கி, அதுவே உங்கள் மொத்த வருமானம் என்று எண்ணிக் கணக்குப் போடும். புதிய முதலாளியும் அவ்வாறே எண்ணுவார். இருவரும் நிலைக்கழிவைத் தனித்தனியே கொடுப்பார்கள். அது ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு முறைதான். புதிய வரி முறையில் 75,000 ரூபாய், பழைய முறையில் 50,000 ரூபாய். ஆண்டு முடிவில் இரண்டு வருமானத்தையும் கூட்டும்போது எதிர்பாராத வரி பாக்கி தலைகாட்டும். ஓய்வூதிய விவரத்தைப் புதிய முதலாளியிடம் எழுதிக் கொடுத்துவிட்டால் அவரே சேர்த்துப் பிடித்துக்கொள்வார். இன்னொன்று: 60 வயது கடந்தவர், வியாபார வருமானமோ தொழில் வருமானமோ இல்லாதவரானால், முன்கூட்டிய வரி கட்ட வேண்டியதில்லை. சம்பளமாக அல்லாமல் ஆலோசனைக் கட்டணம் என்று பெற்றுக்கொண்டால் அது தொழில் வருமானமாகிவிடும். அந்தச் சலுகை போய், தவணை தவறினால் வட்டியும் சேரும். எனவே தருவது சம்பளமா, கட்டணமா என்பதைச் சேரும் முன்பே கேட்டு வையுங்கள்.

தமிழ்நாடு அரசில் ஓய்வு பெற்ற வாசகர்கள், 'எங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே' என்று குறைபட வேண்டாம். பல்லாண்டுகள் 58 ஆக இருந்த ஓய்வு வயது 2020-இல் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தபின் அங்கும் இதே கேள்விகள் பெருகியுள்ளன. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியர்களை ஆண்டு முடியும்வரை மறுநியமனம் செய்யும் வழக்கமும் உண்டு. கருவூலத்தில் கேட்டறிய வேண்டியவை இதில் அதிகம் இருப்பதால் அதனை அடுத்த இதழில் தனியே எழுதுகிறேன். அதுவரை, வேலை எதையேனும் ஏற்க எண்ணியிருக்கும் ஆசிரியப் பெருமக்கள் தங்கள் ஓய்வூதியப் புத்தகத்தையும் நியமன ஆணையின் நகலையும் எடுத்துக்கொண்டு, ஓய்வூதியம் வழங்கும் கருவூல அலுவலகத்தில் எழுத்து மூலம் விளக்கம் கேட்டு வைப்பார்களாக. வாய்மொழியாகப் பெற்ற பதிலுக்கு, அதைச் சொன்ன எழுத்தர் மாற்றலாகிப் போனபின் சாட்சி இருக்காது.